அம்மா படிக்கப் போகிறாள்!

ஐந்து வயதுப் பையன் பள்ளிக்கூடம் போகாமல் தெருவில் கோலி விளையாடினால் ஊரே கேட்கும்.

"ஏன் பையனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை?" என்று பக்கத்து வீட்டார் கேட்பார்கள். வாத்தியார் கேட்பார். ரேஷன் கடையில் நிற்பவர்கூடக் கேட்பார்.

ஐம்பது வயது அம்மாள் சிலேட்டும் கையுமாகப் புறப்பட்டாலும் ஊரே கேட்கும்.

"இந்த வயதில் உனக்கு எதற்குப் படிப்பு?" என்று கேட்கும்!

இரண்டு கேள்விகளையும் கேட்பது ஒரே ஊர்தான். அதே திண்ணைதான். முதல் கேள்வி பையனைப் பள்ளிக்குள் தள்ளுகிறது. இரண்டாவது கேள்வி அம்மாளை வீட்டுக்குள் தள்ளுகிறது.

"பெரியவர்களுக்குப் படிப்பில் ஆசை இல்லை. வகுப்பு வைத்தாலும் வருவதில்லை" என்று அதிகாரிகள் சொல்வது உண்டு. இது சரியான பேச்சு அல்ல. ஆசை அவர்கள் நெஞ்சில் இருக்கிறது. அனுமதிதான் வேறு இடத்தில் இருக்கிறது. அது கணவரிடம் இருக்கிறது. மாமியாரிடம் இருக்கிறது. வேலை கொடுப்பவரிடம் இருக்கிறது. எதிர் வீட்டுக்காரியின் சிரிப்பில் இருக்கிறது.

2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 80 பேர். ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் சுமார் 87 பேர். பெண்களில் சுமார் 73 பேர். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு தள்ளிப் போய்விட்டதால், பழைய கணக்கை வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஆணுக்கு ஒரு மூளை, பெண்ணுக்கு ஒரு மூளை என்று கடவுள் படைக்கவில்லை. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? யாரைப் படிக்க விட்டார்கள், யாரை விடவில்லை என்பதுதான் வித்தியாசம்.

கண்ணாடி கொண்டு வரவில்லை!

எழுதப் படிக்கத் தெரியாதவரை நம் ஊரில் எப்படிச் சொல்கிறார்கள்? "அது கைநாட்டு" என்கிறார்கள்.

பெருவிரலில் மை தடவி வைக்கும் அடையாளம்தான் கைநாட்டு. அது ஒரு மனிதருக்குப் பட்டப் பெயராகவே ஆகிவிட்டது. திருடனுக்குக்கூட ஒரு பெயர் உண்டு. எழுத்தறியாதவரை அவருடைய கட்டை விரலை வைத்துக் கூப்பிடுகிறார்கள்.

அதனால் அவர்கள் மறைக்கிறார்கள். பாங்கில் பாரம் கொடுத்தால், "கண்ணாடி கொண்டு வரவில்லை தம்பி, நீயே எழுதிக் கொடு" என்கிறார்கள். பஸ் வந்தால், "கண் சரியாகத் தெரியவில்லை, இது எந்த ஊர் பஸ்?" என்கிறார்கள். மருந்துச் சீட்டைப் பேரன் வரும்வரை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார்கள். இவர்களில் பலருக்குக் கண் நன்றாகத்தான் தெரியும்!

கணக்கெடுக்க வருகிறவர் வாசலில் நின்று, "உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று உரக்கக் கேட்கிறார். உள்ளே மருமகள் இருக்கிறாள். திண்ணையில் சம்பந்தி உட்கார்ந்திருக்கிறார். அந்த இடத்தில் "தெரியாது" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? "கையெழுத்துப் போடுவேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். கோலம் போடுவதுபோலத் தன் பெயரை மட்டும் வரையத் தெரிந்தவரும் படித்தவர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்.

வெட்கம் படிப்பதற்குத் தடையாக இருக்கிறது. அந்த வெட்கத்தைப் பிறக்கும்போது யாரும் கொண்டு வரவில்லை. ஊர் கொடுத்த சீதனம் அது.

ஊர் கொடுத்ததை ஊரே திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? முடியும். புதுக்கோட்டையில் எடுத்துக்கொண்டது.

சைக்கிளில் வந்த படிப்பு

1991-ம் ஆண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைச் சேர்ந்த தொண்டர்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள்.

போனதும் அவர்கள் முதலில் என்ன செய்தார்கள்? பலகையை மாட்டி "அ, ஆ" எழுதினார்களா? இல்லை. பாட்டுப் பாடினார்கள். தெருவில் நாடகம் போட்டார்கள்.

எழுத்துச் சொல்லிக் கொடுக்க நாடகம் எதற்கு? படிக்க வேண்டியவள் ஒருத்தி. அவளைப் பார்த்துச் சிரிக்கக் கூடியவர்கள் ஐம்பது பேர். அந்த ஐம்பது பேரையும் முதலில் ஒரே இடத்தில் உட்கார வைக்க வேண்டும். அதற்கு நாடகத்தைவிட நல்ல வழி ஏது?

பிறகு இரவு வகுப்புகள் தொடங்கின. கோவில் வாசலிலும், மரத்தடியிலும், தெரு விளக்கின் கீழும் நடந்தன. சொல்லிக் கொடுத்தவர்கள் பெரிய பண்டிதர்கள் அல்லர். அதே ஊரில் பள்ளிப் படிப்பு முடித்த பெண்களும் இளைஞர்களும்தான். சம்பளம் கிடையாது. மாணவியை "அத்தை", "பெரியம்மா" என்று கூப்பிட்டார்கள். "நாற்காலி வாத்தியார்" வந்திருந்தால் பயந்து ஓடியிருப்பார்கள். அண்ணன் மகள் வந்து, "அத்தை, இதை ஒரு தரம் எழுதுங்க" என்றால் எப்படி ஓடுவது?

பாடமும் குழந்தைகளின் பாடமாக இல்லை. அணிலும் ஆடும் ஐம்பது வயதுக்காரிக்கு எதற்கு? "பட்டா" போன்ற, அன்றாட வாழ்க்கையில் அடிபடும் சொற்களைக் கொண்டு எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். பட்டா என்ற சொல்லைப் படிக்கத் தெரியாததால் நிலத்தைப் பறிகொடுத்த குடும்பங்கள் எந்த மாவட்டத்தில்தான் இல்லை?

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள்!

எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது.

கிராமத்துப் பெண்ணுக்கு நேரம் கிடையாது. தண்ணீர்க் குடம் தூக்க ஒரு நடை. விறகுக்கு ஒரு நடை. விளைந்ததை விற்கச் சந்தைக்கு ஒரு நடை. பஸ் எப்போது வரும் என்று தெரியாது. வீடு திரும்பும்போது இருட்டிவிடும். அப்புறம் சோறு பொங்க வேண்டும். இதில் வகுப்புக்கு எப்போது போவது? சைக்கிள் ஏறியதும் நேரம் மிச்சமானது. யாரையும் "கொண்டுபோய் விடுங்கள்" என்று கெஞ்ச வேண்டியதில்லை.

முதலில் கேலி இல்லாமல் இல்லை. சைக்கிளில் போகும் பெண்ணைப் பார்த்து ஆண்கள் கூச்சல் போட்டார்கள். கண்டபடி பேசினார்கள்.

1992-ம் ஆண்டு உலகப் பெண்கள் தினத்தன்று புதுக்கோட்டைத் தெருக்களில் 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் வந்தார்கள். கைப்பிடியில் கொடி. ஓயாத மணிச் சத்தம்.

ஒருத்தி போனால் வேடிக்கை. 1,500 பேர் போனால் ஊர்வலம். ஊர்வலத்தைப் பார்த்து யாரும் கேலி செய்வதில்லை. வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள்.

அதன் பிறகு கடைகளில் பெண்கள் சைக்கிள் தீர்ந்து போயிற்று. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். "முன்னால் ஒரு கம்பி இருக்கிறதே, சேலை கட்டிக்கொண்டு எப்படி ஏறுவது?" என்று கடைக்காரர் கவலைப்பட்டிருப்பார். பெண்களோ அந்தக் கம்பியில்தான் லாபம் கண்டார்கள். அதில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா?

அதே மாவட்டத்தில், கல் உடைத்துப் பிழைத்த ஏழைப் பெண்கள் சுமார் 4,000 பேர் குழுவாகச் சேர்ந்து கல் குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அதுவரை எத்தனை லோடு கல் போயிற்று என்பது காண்டிராக்டரின் நோட்டில் இருந்தது. அந்த நோட்டைப் படிக்க அவர்களுக்குத் தெரியாது. குத்தகை கைக்கு வந்ததும் கணக்குத் தெரிய வேண்டிய அவசியம் வந்தது. அவசியம் வந்ததும் படிப்பும் வந்தது. "படித்தால் நல்லது" என்று ஆயிரம் தடவை சொல்வதைவிட, ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "இது உன் கணக்கு" என்று சொல்வது மேல்.

கணவர்களின் பயம்

"பெண்டாட்டி படித்தால் தலைக்கு மேல் ஏறிவிடுவாள்" என்று பயப்படும் கணவர்கள் உண்டு. பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது!

ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்று ஒரு கிராமம். 1990-களின் தொடக்கத்தில் அங்கும் முதியோர் வகுப்பு நடந்தது. சாராயத்தால் சீரழிந்த ஒரு குடும்பத்தின் கதை அவர்களுக்குப் பாடமாக வந்தது. பெண்கள் படித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடத்தில் இருப்பது தங்கள் வீட்டுக் கதைதானே!

வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. சாராயக் கடைக்குப் போனார்கள். கடையை மூட வைத்தார்கள்.

அந்தச் செய்தி ஊர் ஊராகப் பரவியது. மாவட்டம் தாண்டிப் பரவியது. 1993-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல் ஆந்திர அரசு சாராயத்துக்குத் தடை விதித்தது.

ஒருத்தி தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து அந்தப் பாடத்தைப் படித்திருந்தால் அழுதுவிட்டுப் படுத்திருப்பாள். பலர் சேர்ந்து படித்ததால் எழுந்து நடந்தார்கள். குடிக்கிற கணவர் பயப்படட்டும். குடிக்காத கணவருக்கு என்ன பயம்?

மருமகள் வாத்தியார், மாமியார் மாணவி

மராட்டிய மாநிலம் தானே மாவட்டத்தில் பாங்கனே என்ற சிற்றூர் இருக்கிறது. 2016-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி அங்கே ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். "ஆஜிபாய்ச்சி சாலா" என்று அதற்குப் பெயர். பாட்டிமார் பள்ளிக்கூடம் என்று பொருள். அதை ஆரம்பித்தவர் யோகேந்திர பாங்கர் என்ற பள்ளி ஆசிரியர். 60 வயது முதல் 90 வயது வரை உள்ள பாட்டிகள் அதில் சேர்ந்தார்கள்.

எல்லாப் பாட்டிகளுக்கும் இளஞ்சிவப்புச் சேலைதான் சீருடை. விதவைக்கு வண்ணச் சேலை கூடாது என்று சொல்லும் நாட்டில் இது சிறிய காரியம் அல்ல. "சீருடை, கட்டித்தான் ஆக வேண்டும்" என்று சொல்லிவிட்டால் யார் தடுப்பது? தோளில் பை. பையில் சிலேட்டு.

வகுப்பு நேரம் பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை. காலை வேலையும் முடிந்திருக்கும். மாலை வேலையும் தொடங்கியிருக்காது. இப்படி நேரம் குறித்தவருக்குக் கிராமத்து வீடு எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

பாடம் சொல்லிக் கொடுத்தவர் அந்த ஊர் மருமகள் ஒருவர். அவருடைய மாமியாரும் வகுப்பில் மாணவி! உலகத்தில் எத்தனையோ மருமகள்கள் மனத்துக்குள் கண்ட கனவு அந்த ஊரில் பலித்தது. தப்பாக எழுதினால் மாமியாரைத் திருத்தலாம் அல்லவா!

மகளைப் பார்த்துப் படித்த தாய்

பிள்ளைகளைத் தாய் படிக்க வைப்பது வழக்கம். தாயைப் பிள்ளைகள் படிக்க வைப்பதும் உண்டு.

கேரளத்தில் ஆலப்புழை மாவட்டம் சேப்பாட்டைச் சேர்ந்தவர் கார்த்தியாயினி அம்மா. பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்லர். கோவில்களைப் பெருக்கிப் பிழைத்தவர். அவருடைய மகள் 60 வயதை ஒட்டிப் பத்தாம் வகுப்புக்குச் சமமான பரீட்சை எழுதித் தேறினார். அதைப் பார்த்துத் தாய்க்கும் ஆசை வந்தது.

2018-ல் கேரள அரசின் எழுத்தறிவுப் பரீட்சையில் உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது 96. வாங்கிய மார்க் 100-க்கு 98!

2020-ல் ஜனாதிபதி கையால் நாரி சக்தி விருது பெற்றார். 2023-ல் தமது 101-வது வயதில் காலமானார்.

கொல்லத்தைச் சேர்ந்த பாகீரதி அம்மா இவரையும் மிஞ்சினார். தாய் இறந்துபோனதால் தம்பி தங்கைகளை வளர்க்கச் சிறு வயதிலேயே பள்ளியை விட்டவர் அவர். 2019-ல் 105 வயதில் நான்காம் வகுப்புக்குச் சமமான பரீட்சை எழுதித் தேறினார். நின்ற படிப்பைத் தொடர அவருக்குக் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

இந்த அம்மாக்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் "என்ன ஞாபகசக்தி!" என்று வியக்கிறார்கள். ஞாபகசக்தி இருக்கட்டும். கேரளத்தில் 96 வயதுப் பாட்டி பரீட்சை எழுதப் போனால் தெரு சிரிப்பதில்லை. அதுதான் பெரிய விஷயம். 1991-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி, முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கேரளம் அறிவிக்கப்பட்டது. கோழிக்கோட்டில் நடந்த அந்த விழாவில் அறிவிப்பைப் படித்தவர் மந்திரி அல்லர். புதிதாக எழுத்துக் கற்றுக்கொண்ட சேலக்கோடன் ஆயிஷா என்ற அம்மாள். மேடையில் யாரை நிறுத்துகிறார்கள் என்று ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

டீக்கடைப் பள்ளிக்கூடம்

ஆண்களுக்கு மட்டும் ஒரு வசதி இருந்தது. டீக்கடை!

தமிழ்நாட்டில் எத்தனையோ ஆண்கள் டீக்கடைப் பெஞ்சில்தான் பேப்பர் படிக்கக் கற்றார்கள். ஒருவர் உரக்கப் படிப்பார். நாலு பேர் கேட்பார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவர் மெல்ல எழுத்துக் கூட்டுவார். சலூனிலும் இப்படித்தான். 1950-களிலும் 60-களிலும் கட்சிக்காரர்கள் திறந்த படிப்பகங்களிலும் இப்படித்தான். அங்கே "படி" என்று யாரும் வற்புறுத்தவில்லை. பேச்சில் கலந்துகொள்ள வேண்டும் என்ற ரோசமே படிக்க வைத்தது.

கண்ணூரில் 1969-ல் தொடங்கிய தினேஷ் பீடித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில், தொழிலாளர்கள் பீடி சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒருவர் பத்திரிகை படித்துக் காட்டுவார். கைக்கு வேலை. காதுக்குப் படிப்பு.

சுவீடன் நாட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். மதுவிலக்குச் சங்கத்தைச் சேர்ந்த ஆஸ்கர் ஓல்சன் என்பவர் 1902-ல் "படிப்பு வட்டம்" என்ற முறையைத் தொடங்கினார். நண்பர்கள் சிலர் கூடி ஒரு புத்தகத்தைப் படித்துப் பேசுவார்கள். அவ்வளவுதான். அது நாடு முழுவதும் பரவியது.

ஆனால் டீக்கடைப் பெஞ்சில் நம் ஊர்ப் பெண்ணுக்கு இடம் இல்லையே! கணவர் டீக்கடையில் உலகச் செய்தி பேசிக்கொண்டிருந்தபோது, மனைவி அடுப்படியில் புகை ஊதிக்கொண்டிருந்தாள். 73-க்கும் 87-க்கும் உள்ள வித்தியாசத்தில் இந்தப் பெஞ்சுக்கும் ஒரு பங்கு உண்டு.

பெண்களுக்கும் ஒரு பெஞ்சு பிறகு கிடைத்தது. அதுதான் மகளிர் சுய உதவிக் குழு. தமிழ்நாட்டில் இது 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியது. பாங்கில் கணக்குத் திறக்கவும் கடன் வாங்கவும் கையெழுத்துத் தேவைப்பட்டதால், எத்தனையோ பெண்கள் குழுவில்தான் தங்கள் பெயரை எழுதப் பழகினார்கள்.

பெயரோடு நின்றுவிட்டதுதான் குறை.

இப்போது செல்போன் வந்துவிட்டது. எழுத வேண்டாம், பேசி அனுப்பலாம். படிக்க வேண்டாம், படம் பார்க்கலாம். "இனி எதற்கு எழுத்து?" என்று சிலர் கேட்கிறார்கள். பாங்கிலிருந்து வரும் குறுஞ்செய்தி எழுத்தில்தான் வருகிறது. பணம் எடுக்கும் இயந்திரத்தில் எழுத்துத்தான் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாத அம்மாள் ரகசிய எண்ணை முன்பின் தெரியாதவரிடம் சொல்கிறாள். பணம் போன பிறகு மகன் அவளைத் திட்டுகிறான். திட்டுகிற நேரத்தில் நாலு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

தெருவைக் கூப்பிடுங்கள்

15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக மத்திய அரசு 2022-ல் புதிய எழுத்தறிவுத் திட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. இதிலும் தொண்டர்கள்தான் ஆசிரியர்கள். திட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. கூப்பிடுகிற முறையில்தான் கவனம் வேண்டும்.

"இந்தத் தெருவில் படிக்கத் தெரியாதவர் யார்?" என்று கேட்டுக்கொண்டு போனால் ஒருவரும் வரமாட்டார். "குழுக் கூட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒரு மணி நேரம் இருங்கள், பாங்குப் பாரம் எழுதிப் பழகலாம்" என்றால் எல்லோரும் இருப்பார்கள். தெரிந்தவரும் தெரியாதவரும் கலந்து உட்கார்ந்தால் யாருக்கும் வெட்கம் இல்லை.

வகுப்பு எந்தத் தெருவில் நடக்கிறது என்பதும் முக்கியம். மேலத் தெருவில் வைத்தால் காலனிப் பெண்கள் தயங்குவார்கள். காலனியில் வைத்தால் மேலத் தெருக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். இதைப் பேசாமல் மூடி வைத்தால், பதிவேட்டில் பெயர் இருக்கும், பாயில் ஆள் இருக்காது. எல்லாப் பிள்ளைகளும் படிக்கிற ஊர்ப் பள்ளிக்கூடம் இருக்கிறதே, மாலையில் அதைத் திறந்துவிட்டால் என்ன?

தோட்டத்திலும் மில்லிலும் வேலை கொடுப்பவர்கள் வாரத்தில் இரண்டு நாள் அரை மணி முன்னதாக விட்டால் நஷ்டம் வந்துவிடாது. லோடு கணக்கில் தப்பு வராமல் இருந்தால் அவர்களுக்கே லாபம்.

வகுப்பு முடிந்து சான்றிதழ் கொடுத்தவுடன் விளக்கை அணைத்துவிடக் கூடாது. புழங்காத எழுத்து மறந்துவிடும். ஆறு மாதத்தில் அம்மாள் மறுபடியும், "கண்ணாடி கொண்டு வரவில்லை" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவாள். வீட்டில் பேப்பர் வந்தால் ஒரு பக்கத்தை அவளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். தப்பாகப் படித்தால் பிள்ளைகள் சிரிக்காமல் இருக்க வேண்டும். அது ரொம்ப முக்கியம்.

மீதி இருப்பது அடுப்பு. மாலை 7 மணிக்கு அம்மா வகுப்புக்குப் போனால் சாதம் வடிப்பது யார் என்று வீட்டில் இன்றைக்கே பேசி முடிவு செய்துகொள்ளலாம். அப்பாவுக்கு வடிக்கத் தெரியாது என்றால், அவரும் கற்றுக்கொள்ளட்டுமே. கார்த்தியாயினி அம்மாவைவிட அவருக்கு வயது குறைவுதான்.